திறன்பேசியா, காமிராவா? மலையோர மாவட்டங்கள் கற்பிக்கும் பாடம்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்தவை. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் செல்லும் சாலையே பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்திற்கு வாயிலாக உள்ளது. உடுமலைப்பேட்டையிலிருந்து புறப்படும் சாலை சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றை அடைகிறது. மாநில எல்லைக் கோடு வரைபடத்தில் மட்டுமே காணப்படுவது. யானையும் புலியும் காட்டெருதும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. காடும் தேயிலைத் தோட்டமும் ஏலத் தோட்டமும் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்துள்ள இவ்வட்டாரத்தில் புகைப்படம் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்துவிட்டது. வனக் காவலர், வேளாண்மை அலுவலர், ஆய்வு மாணவர், விவசாயி ஆகிய அனைவரும் இன்று ஏதேனும் ஒரு காரணத்திற்காகப் படம் எடுக்க வேண்டியவர்களாக உள்ளனர்.

ஆகவே, எந்தக் கருவியை வாங்குவது, அரசுப் பணத்தை எதில் செலவிடுவது என்ற வினா இங்கு நடைமுறை முக்கியத்துவம் உடையது. சட்டைப் பையில் உள்ள திறன்பேசியே போதுமானதா? அல்லது தனிக் காமிரா தேவையா? எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் இவ்வினாவிற்கு விடை கிடைக்காது. எடுக்கப்படும் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொண்டால் விடை தானே புலப்படும்.

மாறிய நிலை

1975 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், கோடாக் நிறுவனத்தில் முதல் மின்னணுக் காமிராவை உருவாக்கினார். அதன் எடை 3.6 கிலோகிராம், அது எடுத்த படத்தின் நுட்பம் 0.01 மெகாபிக்சல் மட்டுமே. ஜப்பானில் 2000 ஆம் ஆண்டில் காமிரா பொருத்திய கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் நேர்ந்த மாற்றம் விரைவானது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, 2010 ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட மின்னணுக் காமிராக்களின் எண்ணிக்கை 12 கோடிக்கும் மேற்பட்டது. 2023 இல் அது 80 இலட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. சிறிய கையடக்கக் காமிராக்கள் செய்துவந்த வேலையைத் திறன்பேசி ஏற்றுக்கொண்டதே இதற்குக் காரணம்.

எனினும், தனிக் காமிரா மறைந்துவிடவில்லை. திறன்பேசியால் செய்ய இயலாத சில பணிகளுக்கென அது நிலைத்து நிற்கிறது. அப்பணிகள் எவை என்பதை அறிய இரண்டு அடிப்படைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஒளி, மற்றொன்று தூரம்.

ஒளியும் உணரியின் பரப்பும்

மின்னணுப் படக்கருவியில் முன்னாளைய படச்சுருளின் இடத்தை ஒளி உணரி பிடித்துள்ளது. அதன் பரப்பு மிகுந்தால் அது பெறும் ஒளியும் மிகும். முழு அளவு உணரி என்று கூறப்படுவது 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்டது; அதன் பரப்பு 864 சதுர மி.மீ. நடுத்தர விலைக் காமிராக்களில் இப்பரப்பு சுமார் 370 சதுர மி.மீ. பெரும்பாலான திறன்பேசிகளின் முதன்மை உணரியோ 25 முதல் 75 சதுர மி.மீ. வரையிலான பரப்பையே உடையது. விலையுயர்ந்த சில திறன்பேசிகளில் மட்டும் அது ஏறத்தாழ 115 சதுர மி.மீ. வரை உள்ளது.

நண்பகல் வெளிச்சத்தில் இவ்வேறுபாடு அதிகம் தெரிவதில்லை. சோலைக்காட்டின் உள்ளே, விடியற்காலையில், அந்தி நேரத்தில் அது வெளிப்படுகிறது. திறன்பேசி இக்குறையைக் கணக்கீட்டின் வாயிலாக ஈடுசெய்கிறது. ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒரே படமாக்கித் தருகிறது. அசையாத பொருள்களுக்கு இம்முறை வியக்கத்தக்க பயனை அளிக்கிறது. ஓடும் விலங்கு, பறக்கும் பறவை ஆகியவற்றில் ஒவ்வொரு படத்திலும் உருவத்தின் இடம் மாறிவிடுவதால் விளிம்புகள் குழம்பிவிடுகின்றன.

உணரி சிறிதாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. அருகிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது, முன்னும் பின்னும் அமைந்த பகுதிகள் திறன்பேசியில் ஒருசேரத் தெளிவாக விழும். இலையின் நரம்பு, பூச்சி அரித்த தண்டு, நோயுற்ற ஏலச்செடி, மலரின் அமைப்பு ஆகியவற்றைப் பதிவு செய்ய இது மிகவும் ஏற்றது. 2018 ஆம் ஆண்டில் மூணாற்று மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி பூத்தபோது, மலைச்சரிவின் பரந்த தோற்றத்தையும் தனி மலரின் வடிவத்தையும் பதிவு செய்யத் திறன்பேசி போதுமானதாக இருந்தது. அடுத்த பூப்பு 2030 இல் எதிர்பார்க்கப்படுகிறது. தாவரவியல் மாணவர்கள் அதற்கெனத் தனிக் காமிரா வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தூரத்தின் கணக்கு

இரண்டாவது அடிப்படையே இவ்வட்டாரத்தில் உயிருடன் தொடர்புடையது. வில்லையின் குவியத்தூரம் கூடினால் தொலைவிலுள்ள பொருள் படத்தில் பெரிதாகத் தோன்றும். 35 மி.மீ. படச்சுருளின் அளவிற்குச் சமமாக்கிக் கூறும் மரபின்படி, திறன்பேசியின் முதன்மை வில்லை ஏறத்தாழ 25 மி.மீ. குவியத்தூரம் உடையது. வனவிலங்குப் படங்களுக்குப் பயன்படும் தொலைவில்லை பெரும்பாலும் 400 மி.மீ. அல்லது அதற்கும் மேற்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள விகிதம் 16 மடங்கு.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று மீட்டர் உயரமுள்ள யானை ஒன்று, படச்சட்டத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நிரப்ப வேண்டும் எனக் கொள்வோம். 400 மி.மீ. வில்லை உடையவர் யானையிலிருந்து 160 மீட்டர் தொலைவில் நின்று அப்படத்தைப் பெறலாம். திறன்பேசியின் முதன்மை வில்லையைக் கொண்டு அதே படத்தைப் பெற விரும்புபவர் 10 மீட்டர் தொலைவிற்கு நெருங்க வேண்டும். ஆசிய யானை மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு ஏழு மீட்டர் வீதத்தில், ஓட வல்லது என அளவிடப்பட்டுள்ளது. 160 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 23 நொடிகள் தேவை. 10 மீட்டரைக் கடக்க ஒன்றரை நொடி போதும். கருவியின் தேர்வு எவ்வாறு மனிதனுக்கும் விலங்கிற்கும் இடையிலுள்ள தூரத்தின் தேர்வாக மாறிவிடுகிறது என்பதை இக்கணக்கு காட்டும்.

திறன்பேசித் திரையில் விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். தனித் தொலைவில்லை பொருத்திய திறன்பேசிகளில் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை உண்மையான உருப்பெருக்கம் கிடைக்கிறது. அதற்கு மேல் நிகழ்வது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கும் செயலே ஆகும். 12 மெகாபிக்சல் படத்தை இவ்வாறு நான்கு மடங்கு பெரிதாக்கினால் எஞ்சுவது முக்கால் மெகாபிக்சல் மட்டுமே. மென்பொருள் அதனை மெருகேற்றிக் காட்டலாம். இல்லாத விவரத்தை அதனால் மீட்டுத் தர இயலாது. அவ்வாறு சேர்க்கப்பட்ட விவரம் கண்ணுக்கு இனியதாக இருப்பினும், ஆய்வுக்கும் விசாரணைக்கும் உதவாது.

மூணாற்று வட்டாரச் சாலைகளில், மக்கள் 'படையப்பா' எனப் பெயரிட்டழைக்கும் காட்டு யானை நடமாடுவது பலரும் அறிந்ததே. வாகனங்களை நிறுத்தித் திறன்பேசியுடன் அதனை நெருங்குவோர் தம் உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகின்றனர். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, சரணாலயத்தில் விலங்குகளைச் சீண்டுவதைத் தடை செய்கிறது. 28 ஆம் பிரிவின்படி, புகைப்படம் எடுக்கும் நோக்குடன் சரணாலயத்தினுள் செல்ல அனுமதி பெறுதல் வேண்டும்.

எல்லா விலங்குகளுக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் கூற வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைப் பகுதியில் வரையாடுகள் மனிதருக்குப் பழகிவிட்டமையால் பாதையோரத்திலேயே மேய்கின்றன. அங்குத் திறன்பேசியே நல்ல படம் தரும். சைலன்ட் வேலியின் உயர்ந்த மரக்கிளைகளில் வாழும் சிங்கவால் குரங்கையோ, சின்னாற்றின் ஆற்றங்கரை மரங்களில் தாவும் சாம்பல் நிற மலை அணிலையோ அவ்வாறு எடுக்க இயலாது.

கருவி மட்டுமே போதாது என்பதற்குத் தமிழ்நாட்டின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) சான்றாக விளங்குகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான காமிராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானை முதலிய விலங்குகளைப் படமெடுத்தார். 1970 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விலங்கின் இயல்பை அறிந்து காத்திருக்கும் பொறுமையே அவருடைய படங்களுக்கு அடித்தளம். அப்பொறுமையை எந்தக் கருவியுடனும் சேர்த்து விலைக்கு வாங்க இயலாது.

புலிக் கணக்கெடுப்பு காட்டும் வழி

திறன்பேசி, காமிரா இரண்டையும் அதனதன் இடத்தில் பயன்படுத்துவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பாகும். பரம்பிக்குளமும் பெரியாறும் இதில் பங்கேற்கும் காப்பகங்கள். 2010 ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பரம்பிக்குளத்தின் மொத்தப் பரப்பு 643.66 சதுர கி.மீ. தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகம் அதனை அடுத்தே அமைந்துள்ளது.

கணக்கெடுப்பின் முதற்கட்டத்தில் வனப் பணியாளர்கள் குறிப்பிட்ட பாதைகளில் நடந்து, கால்தடம், எச்சம், நகக்கீறல் போன்ற அடையாளங்களைப் பதிவு செய்கின்றனர். இதற்கென அமைந்த 'எம்-ஸ்ட்ரைப்ஸ்' என்னும் செயலி திறன்பேசியில் இயங்குவது. நடந்த பாதை, கண்ட அடையாளம், அதன் படம், இடம், நேரம் ஆகிய அனைத்தும் ஒரே பதிவில் அடங்கிவிடுகின்றன. கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாத காட்டிலும் செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதி இயங்கும் என்பதால் இது இயலுகிறது. இங்கு எழும் கேள்வி 'எங்கே, எப்போது?' என்பது. அதற்குத் திறன்பேசியை விட ஏற்ற கருவி இல்லை.

அடுத்து வரும் கேள்வி 'எந்தப் புலி?' என்பது. மனிதனின் கைரேகையைப் போலப் புலியின் உடல்வரிகளும் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை. இவ்வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அறிந்து எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் நடைமுறைப்படுத்திக் காட்டினார். புலியின் இடப்புற வரியும் வலப்புற வரியும் வேறுபடுவதால், பாதையின் இருபுறமும் தானியங்கிக் காமிராக்கள் இணையாகப் பொருத்தப்படுகின்றன. வெப்பமுடைய உடல் அசைவதை உணர்ந்து அவை தாமே படம் எடுக்கின்றன. மனிதன் அங்கு இருக்க வேண்டியதில்லை.

2018–19 கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் இக்காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் புலிகளின் படங்கள் 76,651. சிறுத்தைகளின் படங்கள் 51,777. இப்படங்களிலிருந்து, குட்டிகள் நீங்கலாக 2,461 புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. நாட்டின் மொத்தப் புலிகள் 2,967 என மதிப்பிடப்பட்டது. 2022 மதிப்பீட்டில் இது சராசரியாக 3,682 ஆகவும், கேரளத்தில் மட்டும் 213 ஆகவும் இருந்தது. இக்காமிராக்களின் படங்கள் கலை அழகு உடையவை அல்ல. வரிகள் தெளிவாக விழுந்தால் அதுவே அவற்றின் பயன்.

ஒரு யானை, இரு மாநிலங்கள்

'எது?' என்ற கேள்வி நிர்வாகத்தில் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதை 2023 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் அரிசியைத் தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்த 'அரிக்கொம்பன்' யானையைப் பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்திற்கு மாற்றலாம் என்ற வல்லுநர் குழுவின் பரிந்துரையைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது. அவ்வட்டார மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்ட யானை பின்னர்ப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. அங்கிருந்து அது தமிழ்நாட்டின் கம்பம் பகுதிக்கு வந்தது. ஜூன் மாதத்தில் தமிழ்நாடு வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் விட்டது.

அந்த யானைக்குக் கழுத்தில் வானொலிப் பட்டை இருந்தமையால் ஐயமின்றி அடையாளம் காண முடிந்தது. பட்டை இல்லாத பிற யானைகளைத் தந்தத்தின் வடிவம், காதின் மடிப்பும் கிழிசலும், வால்முனை மயிர் ஆகியவற்றைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். இருட்டில் அஞ்சி ஓடுகையில் திறன்பேசியால் எடுத்த மங்கலான உருவம் இதற்கு உதவுவதில்லை. பாதுகாப்பான தொலைவிலிருந்து, பக்கவாட்டிலும் நேரெதிரிலும் தொலைவில்லையால் எடுத்த படங்கள் தேவை. எல்லையின் இருபுறமுள்ள அலுவலர்களும் அப்படங்களைப் பகிர்ந்துகொள்வார்களாயின், ஒரு யானையின் பழியை மற்றொன்றின்மேல் சுமத்தும் தவறு நேராது.

விவசாயியின் கையிலுள்ள சான்று

விவசாயியின் தேவை வேறுபட்டது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குகளால் நேரும் பயிரிழப்பும் 2026 காரீப் பருவம் முதல் சேர்க்கப்பட்டது. இழப்பு நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் இடக்குறிப்புடன் கூடிய படங்களைச் செயலி வழியே அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. மிதிக்கப்பட்ட வாழையின் படம் எவ்வளவு நுட்பமானது என்பதை விட, அது எந்த நிலத்தில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம். விலையுயர்ந்த காமிராவால் ஆகாததை எளிய திறன்பேசி இங்குச் செய்துவிடுகிறது.

இவ்வகைப் படங்களைக் கையாளுவதில் மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவதாக, நாளும் இடமும் படக்கோப்பினுள்ளேயே பதிவாகின்றன; செய்திச் செயலிகள் வழியே அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு, இக்குறிப்புகள் நீங்கிவிடுவது வழக்கம். ஆகவே மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். இரண்டாவதாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம் சட்டத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது உரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும் என்கிறது. வழக்குக் கோப்புகளைத் தயாரிக்கும் அலுவலர்கள் இதனை மறத்தலாகாது. மூன்றாவதாக, அரிய விலங்கு அல்லது தாவரத்தின் படத்தை இடக்குறிப்புடன் பொதுவெளியில் வெளியிட்டால், அது வேட்டைக்காரனுக்கு வழிகாட்டும் பலகையாகிவிடும்.

மழையும் ஈரமும் செலவும்

இடுக்கியின் பருவமழை எக்கருவிக்கும் சோதனை. நீர் புகாத அமைப்புள்ள திறன்பேசிகள் நனைதலைத் தாங்கினும், திரையில் நீர்த்துளி விழுந்தால் தொடுகையை உணரத் தடுமாறுகின்றன. காமிராவில் அத்தொல்லை இல்லை; ஆயினும் ஈரம் தங்கினால் வில்லையினுள் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத பெட்டியில் அதனை வைத்தல் வேண்டும். மின்கலத்தைப் பொறுத்தவரை, திறன்பேசியின் மின்சாரம் பேச்சு, வழிகாட்டல், படம் ஆகிய எல்லாவற்றிற்கும் பங்காகிறது. காட்டில் அவசரச் செய்தி அனுப்ப வேண்டிய கருவியைப் படமெடுத்தே தீர்த்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

செலவும் கருத்திற்கொள்ளத்தக்கது. நல்ல தொலைவில்லை ஒன்றின் விலை முக்கால் இலட்சம் ரூபாயிலிருந்து இரண்டு இலட்சத்திற்கு மேலும் செல்கிறது. காமிராவின் விலை தனி. இதனை ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய தேவை இல்லை. கல்லூரித் துறைக்கு ஒன்று, வனச்சரக அலுவலகத்திற்கு ஒன்று எனப் பொதுக் கருவியாக வைத்து, பயன்படுத்தப் பயிற்சி அளித்தால் அச்செலவு பயனுள்ளதாகும். பயிற்சியின்றி வாங்கப்படும் காமிரா பீரோவிலேயே பூஞ்சை பூத்துவிடும்.

தேர்வு செய்யும் முறை

கருவி வாங்கத் திட்டமிடும் மாணவரும் அலுவலரும் பின்வரும் வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நலம்.

1. படம் காட்ட வேண்டியது இடத்தையும் நேரத்தையுமா? ஆம் எனில் திறன்பேசி போதும்.

2. படமெடுக்கும் பொருள் அருகில் அசையாது உள்ளதா? செடி, மண், கட்டடம், ஆவணம் ஆகியவற்றிற்கும் திறன்பேசியே ஏற்றது.

3. பொருள் தொலைவில் உள்ளதா, அசைகிறதா, ஒளி குறைந்த நேரத்தில் வெளிப்படுவதா? இவற்றுள் இரண்டு பொருந்தினாலும் தொலைவில்லையுடன் கூடிய காமிரா தேவை.

4. மனிதர் அருகில் இருப்பதே விலங்கிற்கு இடையூறா? அவ்வாறாயின், உரிய அனுமதியுடன் துறையினர் பொருத்தும் தானியங்கிக் காமிராவே வழி.

5. நல்ல படம் பெற நெருங்கிச் செல்ல வேண்டியுள்ளதா? அப்போது அந்தப் படத்தைக் கைவிடுவதே சரியான தேர்வு.

கடைசி வினாவின் விடை எந்த விளம்பரத்திலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் மூணாற்றுச் சாலையில் யானையின் எதிரே நிற்பவருக்கு மெகாபிக்சல் கணக்கை விட மீட்டர் கணக்கே முதன்மையானது. கையிலுள்ள கருவியின் எல்லையை அறிந்து, அந்த எல்லைக்குள் நின்று பதிவு செய்பவரே இம்மலையோர மாவட்டங்களுக்குத் தேவையான படத்தை எடுப்பவர் ஆவார்.